தோப்பிலும் குளத்திலும் அயல் உயிர்கள்: கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களின் கடிதங்கள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றிவிட்ட பூச்சி, செடி, நத்தை, மீன் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

ராஜாக்கமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னை. கீழ் ஓலையெல்லாம் கரி பிடித்துக் கறுத்துவிட்டது. மரத்தடியில் நடந்தால் செருப்பு ஒட்டுகிறது. வேர்வாடல் என்கிறார் ஒருவர். மருந்துக் கடையில் வேர் வழியாக மருந்து கட்டச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டு பேரையும் கேட்க வேண்டாம். வேர்வாடல் என்றால் ஓலைக் கீற்றுகள் தொய்ந்து உள்பக்கமாக வளையும், மஞ்சளாகும், ஓரம் கருகும். செருப்பு ஒட்டாது. உங்கள் தோப்பில் இருப்பது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி இது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து தென்னை உள்ள இடமெல்லாம் பரவியது.

கீழ் ஓலை ஒன்றை வெட்டி இறக்கி அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகுத்தூள் சுருள் சுருளாக, விரலால் வரைந்த கோலம்போல் இருந்தால் அது முட்டை இட்ட தடம். அதன் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் தட்டையான குஞ்சுகள்தான் சாற்றை உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் சொட்டும். அதன்மேல் வளர்வதுதான் நீங்கள் பார்த்த கரும்பூஞ்சணம். பூச்சி அடிப்புறத்தில், கரி மேற்புறத்தில். கறுத்த பக்கத்தில் மருந்து அடித்தால் பூச்சிமேல் படாததற்குக் காரணம் இதுதான்.

இனி பூதக்கண்ணாடி வைத்து அந்தக் குஞ்சுகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் உயிரோடு இருக்கின்றன. கறுத்துப்போய் இருந்தால், அதிலும் முதுகில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அந்தக் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்று வெளியே வந்திருக்கிறது. இந்தக் குளவி நம் தோப்புகளில் இருப்பது நம் அதிர்ஷ்டம். இப்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் சாவது குளவி. ஓலை அடியில் மெழுகுக்குள் இருக்கும் வெள்ளை ஈ தப்பித்து, அடுத்த தலைமுறையில் எதிரியே இல்லாமல் பெருகும். வேர் வழியாகக் கட்டும் மருந்து சாற்றோடு போவது, அதனால் இளநீருக்கும் போகும்.

செய்ய வேண்டியது இது. மஞ்சள் நிற பாலித்தீன் தாளை 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் வெட்டி, இரு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி, மரங்களுக்கு இடையில் ஐந்தாறு அடி உயரத்தில் கட்டுங்கள். ஏக்கருக்கு எட்டு, உங்களுக்குப் பன்னிரண்டு போதும். தூசி படிந்து எண்ணெய் காய்ந்ததும் துடைத்து மறுபடி தடவாவிட்டால் அது வெறும் மஞ்சள் தாள்தான். குட்டை மரமாக இருந்தால் மோட்டார் பம்பில் தண்ணீரை ஓலையின் அடிப்புறத்தில் விசையாகப் பீய்ச்சினாலே பாதிப் பூச்சி கழன்றுவிடும். மிக அதிகமாக இருக்கும் மரத்துக்கு மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி அடிப்புறத்தில் படும்படி தெளிக்கலாம். சோப்பு இல்லாமல் கலக்கினால் எண்ணெய் மேலே மிதந்து, முதல் மரத்துக்கு வெறும் தண்ணீரும் கடைசி மரத்துக்கு வெறும் எண்ணெயும் போகும்.

கரியை எடுக்க மைதா போதும். லிட்டருக்கு 25 கிராம் கணக்கில், பத்து லிட்டருக்குக் கால் கிலோ. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, பசையானதும் மீதித் தண்ணீர் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஓலையின் மேற்புறத்தில் தெளியுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் முனை அடைக்கும். வெயிலில் காய்ந்ததும் பசை செதிலாக உரியும், கரியும் அதோடு போகும். மழை மூட்டம் இருக்கும் நாளில் செய்தால் மாவு வீண்.

பக்கத்துத் தோப்பில் கறுத்த குஞ்சுகள் நிறைய இருந்தால், அந்தக் கீற்றுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஏக்கருக்குப் பத்து மரத்தில் ஓலையோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வையுங்கள். குளவி தானே பறந்து போகும். ஊடுபயிராக வாழையும் கொய்யாவும் இருந்தால் அவற்றின் இலை அடியையும் பாருங்கள், இந்த ஈ அங்கேயும் குடியிருக்கும். தென்னை இதனால் செத்துப்போகாது. கோடையில் கூடி, பலத்த மழையில் குறையும். பயத்தில் வாங்கிய மருந்துதான் இந்தப் பூச்சியைவிட அதிகத் தோப்புகளைக் கெடுத்திருக்கிறது.

குலசேகரத்தில் மரச்சீனி (மரவள்ளி) போட்டிருக்கிறேன். குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, கொத்தாக நிற்கிறது. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. பப்பாளியில் வந்த அதே மாவுப்பூச்சியா?

பப்பாளி மாவுப்பூச்சி மரச்சீனியிலும் வரும், ஆனால் உங்கள் வருணனை மரச்சீனி மாவுப்பூச்சிக்குத்தான் பொருந்துகிறது. பஞ்சை விலக்கிப் பாருங்கள். உடல் மஞ்சளாக இருந்தால் பப்பாளிக்காரன், இளஞ்சிவப்பாக இருந்தால் மரச்சீனிக்காரன். பின்னது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவில் மரச்சீனியை ஒரு வழி பண்ணிவிட்டு, 2020இல் கேரளத்தில் திருச்சூரில் கண்டறியப்பட்டது. ஆண் இல்லாமலே பெருகும் இனம், அதனால் ஒரே ஒரு பூச்சி ஒட்டிய நடவுக் கம்பு போதும், விளை (தோட்டம்) முழுக்கப் பரவ.

இதற்கும் எதிரி உண்டு. அனகைரஸ் லோபசி என்ற குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சிப் பணியகம் வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் இப்படித்தான் வேறொரு குளவி கொண்டுவந்து அடக்கினார்கள். உங்கள் விளையில் பழுப்பாக உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சிகள் தென்பட்டால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம், அவற்றை நசுக்காதீர்கள். வட்டார வேளாண், தோட்டக்கலை அலுவலகத்தில் குளவி கேட்டு எழுதிக் கொடுங்கள்.

அதுவரை, கொத்தாகிப்போன நுனிகளைக் கிள்ளி நேராகப் பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள். கிள்ளியதை வரப்பில் எறிந்தால் குஞ்சுகள் நடந்து அடுத்த செடிக்குப் போகும். அறுவடை முடிந்ததும் தண்டு, இலைகளை விளையில் விடாமல் எரியுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் கம்பு. நல்ல கிழங்கு விளைந்தது என்பதற்காகப் பூச்சி பிடித்த விளையிலிருந்து கம்பு வாங்கவே கூடாது. எல்லை தாண்டிச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு கட்டு கம்பு கொண்டு வருவது நம் ஊரில் சகஜம். பூச்சிக்கு அதைவிட நல்ல வண்டி வேறு கிடையாது.

ரப்பர், மரச்சீனி, கிராம்பு எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே? அவற்றைக் கொண்டாடிவிட்டு ஆகாயத்தாமரையை மட்டும் திட்டுவது என்ன நியாயம்? (நாகர்கோவில் கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி. ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876இல் அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்துதான் ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் வந்தன. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. மாறாமலையில் காய்த்து, 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்பின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அந்நியம் என்பதே குற்றம் என்றால் நம் சமையலறையில் மிளகாயும் மிஞ்சாது.

இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்று, மனிதன் கை வைக்காமல் அது தானே பரவுகிறதா? மரச்சீனிக்கு நீங்கள் கம்பு நட வேண்டும், கிராம்புக்கு நாற்று வளர்க்க வேண்டும். ஆகாயத்தாமரையை யாரும் நட வேண்டியதில்லை, தானே பெருகும். இரண்டு, அதன் எதிரிகள் எங்கே? ரப்பருக்குத் தென் அமெரிக்காவில் இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் இருக்கிறது. அதனால் அங்கே பெருந்தோட்டமாக ரப்பர் வைப்பது பெரும்பாலும் தோற்றுப்போனது. அந்தப் பூஞ்சை இங்கே வரவில்லை, அதனால்தான் குலசேகரத்தில் பால் வடிகிறது. எதிரியை விட்டுவிட்டு வந்தது ரப்பரில் நமக்கு லாபம், வெள்ளை ஈயில் நமக்கு நட்டம். கணக்கு ஒன்றுதான். தென் அமெரிக்கா போய்வரும் யாரும் ஒரு ரப்பர் இலையைக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

மார்த்தாண்டத்தில் மழை பெய்த ராத்திரி சுவர் முழுக்கப் பெரிய நத்தை. வாழைக்கன்று, பப்பாளி, கீரை எதையும் விடவில்லை. உப்பு அள்ளிப் போடுகிறோம், மறுநாள் அதே அளவு வருகிறது.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லா நத்தையும் முட்டையிடும், ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும், அதற்காகத்தான் வெள்ளையடித்த சுவரையும் சிமென்ட்டையும் சுரண்டுகிறது. கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். காணோம் என்று நிம்மதி அடைவது அப்போதுதான், ஆனால் அது போகவில்லை.

மண்ணில் உப்புப் போடுவதை நிறுத்துங்கள். நத்தை சாகும், கூடவே அந்த மண்ணில் அடுத்த பயிரும் வராது. உப்பு வாளிக்குள் இருக்க வேண்டும். சணல் சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலை, பப்பாளித் தண்டு, வாழைத்தடைத் துண்டு போட்டு, அந்தி நேரத்தில் வேலி ஓரம், கிணற்றடி, விறகு அடுக்கு, உரக்குழி இந்த இடங்களில் விரியுங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்ப் பார்த்தால் சாக்கின் அடியிலேயே அடைந்து கிடக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் வெறும் சாக்கு. ரப்பர் கையுறை போட்டுப் பொறுக்கி, லிட்டருக்குக் கால் கிலோ கல்லுப்புக் கரைத்த வாளியில் போட்டு மூடுங்கள். செத்ததும் இரண்டு அடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். காலால் மிதித்து அப்படியே விட்டால் வயிற்றில் இருக்கும் முட்டை பிழைக்கலாம். ஓடு நொறுங்கிய இடத்தில் ஈயும் நாற்றமும் வேறு.

சுவரிலும் மரத்தடியிலும் ஏறாமல் தடுக்க ஒரு தெளிப்பு உண்டு. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஒரு லிட்டராகச் சுண்ட விடுங்கள். தனியாக, பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். ஆறியதும் இரண்டையும் கலந்து வடிகட்டி, நத்தை ஏறும் இடத்தில் மட்டும் அடியுங்கள். கீரைப் பாத்தியில் அடிக்கக் கூடாது. மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு, அதனால் குளம், ஓடைப் பக்கமும் கூடாது. கடையில் கிடைக்கும் நத்தைக் குருணையில் மெட்டால்டிஹைடு இருக்கும். நாய் தின்றால் நாயும் போகும்.

குழந்தைகள் வெறுங்கையால் தொட வேண்டாம். எலியிடமிருந்து வரும் ஒரு நுண்புழு இந்த நத்தைக்குள் வளர்கிறது. அது மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரும். நத்தை ஊர்ந்த தோட்டத்துக் கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்களையும் நன்றாகக் கழுவுங்கள். முட்டைகளையும் தேடி எடுங்கள். உரக்குழி ஓரம், பூந்தொட்டி அடி, ஈரச் சருகின் கீழே ஓரிரண்டு அங்குல ஆழத்தில் வெளிர் மஞ்சள் மணிகளாகக் குவிந்து கிடக்கும். நீங்கள் மட்டும் பொறுக்கினால் பக்கத்து வீட்டிலிருந்து வரும். தெருவே ஒரே வாரத்தில் இறங்க வேண்டும்.

தேரூர் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை அடைத்துவிட்டது. இளைஞர் மன்றத்தில் சேர்ந்து எடுக்கலாம் என்றிருக்கிறோம். களைக்கொல்லி அடித்தால் சுலபம் என்கிறார்கள்.

களைக்கொல்லி வேண்டாம். செத்த செடி அப்படியே அடியில் அழுகும், தண்ணீரில் உயிர்வளி குறையும், மீன் மிதக்கும். அழுகலிலிருந்து வரும் உரச்சத்தில் அடுத்த செடி இன்னும் கொழுக்கும். அதோடு சுசீந்திரம் – தேரூர் குளத் தொகுதி 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அதற்குள் வரும் குளம் என்றால் வனத்துறையிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள். மிதக்கும் செடிமேல் கூடு கட்டும் தாழைக்கோழிகளும் இலைக்கோழிகளும் உண்டு. அதனால் முழுக் குளத்தையும் ஒரே நாளில் வழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. தாமரைக் கொடியை வாரிவிடவும் கூடாது, பூ வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட. தாமரை இலை வட்டமாகத் தண்டில் ஏறி நிற்கும். ஆகாயத்தாமரைக்கு இலைக்காம்பு பஞ்சாக ஊதியிருக்கும்.

எடுக்க ஏற்ற நேரம் நீர் வற்றும் கோடை. அதைத் தவறவிட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பாருங்கள். காற்றே மிதவையைக் கிழக்குக் கரைக்குத் தள்ளிக் குவித்துத் தரும். மூங்கில் கட்டிய தும்புக் கயிற்றை வலைபோல் இழுத்து, கூட்டத்தைத் துண்டு துண்டாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் தனியாக மிதக்கும் செடிகளைச் சேர்த்து எடுக்காவிட்டால், சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஆகவே முதல் தடவை எடுத்து இரண்டு வாரத்தில் இரண்டாவது, பிறகு இன்னும் ஒன்று என்று திட்டமிடுங்கள். ஒரே நாள் உழைத்து, படம் எடுத்து, பாராட்டு வாங்கி வீட்டுக்குப் போன குளங்கள்தான் மறு வருஷம் முழுக்க மூடிக்கிடக்கின்றன.

எடுத்ததைக் குளக்கரை ஓரத்தில் விடக் கூடாது. மறுகால் பாயும்போது திரும்பக் குளத்துக்குள் வரும், அல்லது அடுத்த குளத்துக்குப் போகும். நீர் மட்டத்துக்கு மேலே தள்ளி, வேர் மேலே பார்க்கும்படி மூன்று நான்கு நாள் வாடவிடுங்கள். இது பெரும்பாலும் தண்ணீர் என்பதால் வாடினால் குவியல் குறுகிப்போகும். பிறகு நாலு அங்குலத் துண்டாக நறுக்கி, ஓரடுக்குச் செடி, மேலே சாணிக் கரைசல் என்று இரண்டடி அகலத்தில், இடுப்பளவு உயரம் வரை அடுக்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டினால் இரண்டு, இரண்டரை மாதத்தில் உரம். பூத்துக் காய்த்த செடியை உரத்துக்குச் சேர்க்காதீர்கள். விதை இருபது வருஷம்கூடச் சேற்றில் உயிரோடு கிடக்கும். ஊர்ச் சாக்கடை வந்து சேரும் குளத்துச் செடி உரத்தைக் கீரைக்குப் போடாமல் தென்னைக்கோ பூச்செடிக்கோ போடுங்கள்.

இலையில் சுரண்டிய மாதிரிச் சிறு தழும்புகள் தெரிந்தால் அது நியோகெட்டினா என்ற கூன்வண்டின் வேலை. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்ட வண்டு, செடியைக் குறைக்கும், ஒரேயடியாக ஒழிக்காது. உங்கள் குளத்துக்குள் வரும் கழிவுநீர் ஓடை அடைபடாமல், எத்தனை தடவை எடுத்தாலும் இந்த வேலை முடியாது. வரத்துக் காலில் மூங்கில் தட்டி ஒன்றைச் செருகி, மேல் குளத்திலிருந்து வரும் செடியையாவது அங்கேயே பிடியுங்கள்.

மகள் ஆசைப்பட்டு வாங்கிய டேங்க் கிளீனர் மீன் ஒரு அடி வளர்ந்துவிட்டது. குழித்துறை ஆற்றில் விடலாமா? பாவமாக இருக்கிறது.

விடவே வேண்டாம். தென் அமெரிக்க மீன் அது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, முள். நம் ஊர்ப் பறவையும் மீனும் அதை விழுங்க முடியாது. கரையில் துளை போட்டுத்தான் முட்டையிடும், கரை சரியும். வலையில் சிக்கினால் வலை கிழியும், மீனவருக்கு ஒரு பைசா தேறாது. வாங்கிய கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் யாராவது இருந்தால் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் துன்பமில்லாமல் முடிக்கும் வழி கிராம்பு எண்ணெய். லிட்டருக்கு அரை மில்லி வீதம் எடுத்து, சிறிது வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மயங்கியதும் எடுத்துவிடாமல், செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன், சீக்கிரம் செத்துவிட்டது என்று நம்பி ஓடையில் எறிந்தால் பிழைத்துக்கொள்ளும். புதைத்துவிடுங்கள். காதில் சிவப்புக் கோடு உள்ள குட்டி ஆமைக்கும் இதே விதி, ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது.

கொசுவுக்காகக் கம்பூசியா மீனைக் கிணற்றில் விடலாமா?

சுற்றிலும் அடைப்புள்ள, வெளியே வழியாத கிணறு, சிமென்ட் தொட்டி என்றால் ஆபத்து குறைவு. குளம், வாய்க்கால், வயல் என்றால் வேண்டாம். மற்ற மீனின் முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்றுவிடும். நம் ஊர் ஓடைகளில் இருக்கும் முண்டக்கண்ணி மீனும் கொசுப்புழுவை நன்றாகத் தின்னும், அதையே பிடித்து விடலாமே.

இளம் ரப்பரிலும் வாழையிலும் ஒரு கொடி ஏறி மூடுகிறது. இதய வடிவ இலை, வெள்ளைப் பூக்கொத்து. பிரஷ் கட்டரில் வெட்ட வெட்ட அதிகமாகிறது.

மைக்கானியா கொடி. வெட்ட வெட்ட அதிகமாவதற்குக் காரணமே பிரஷ் கட்டர்தான். தரையில் படும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் கொடி அது. சுழலும் கத்தி ஒரு கொடியை நாற்பது துண்டாக்கி விளை முழுக்கத் தூவுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு இருந்தால் நாற்பது கொடி. கையால் இழுங்கள். மண் நனைந்திருக்கும்போது வேரோடு வரும், காய்ந்த மண்ணில் அறுந்துபோகும். அதனால் முதல் மழைக்குப் பிறகு ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூக்குமுன் இரண்டு தடவையாவது முடித்துவிட வேண்டும். பூத்துவிட்டால் பஞ்சு விதை காற்றில் பறந்து பக்கத்து விளைக்கும் போகும். இழுத்ததை ஈர மண்ணில் போடாமல் பாறைமேலோ தார்பாயிலோ சுருட்டிப் போட்டு, தண்டு முறித்தால் பட்டென ஒடியும் வரை காயவிடுங்கள். பச்சையாக வாழை மூட்டில் மூடாக்குப் போட்டால் அங்கேயே வேர் பிடித்துக் கன்றுமேல் ஏறும். ரப்பர் மேல் ஏறிய கொடியைக் கீழிருந்து ஓரடி உயரத்தில் அறுத்து, கீழ்ப்பகுதியை வேரோடு பிடுங்குங்கள். மேலே தொங்குவது தானாகக் காயும், அதை இழுக்கப்போய் இளம் குருத்தை ஒடித்துவிடாதீர்கள்.